எட்மண்ட் யாருக்கு ஒப்பு?

இரண்டு வாரமாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆடியோ வந்தபோதும் பேசவில்லை. அதற்குக் கீழே வரிசையாக ‘ஆமென் அண்ணாச்சி’ விழுந்தபோதும் பேசவில்லை. நேற்று மகள் சண்டே ஸ்கூலிலிருந்து கொண்டுவந்த தாளைப் பார்த்தபிறகு முடியவில்லை. விவகாரம் என்ன என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு ஒரே வரி: சண்டே ஸ்கூலில் நான் சொல்லிவந்த சி.எஸ். லூயிஸின் நார்னியா கதையில் சூனியக்காரி வருகிறாள் என்று சபையில் ஓர் அண்ணாச்சி ஆடியோ போட்டுத் தடுத்தார், பிறகு சிலர் பேசி, ஒர்க்‌ஷீட் வைத்து நடத்தலாம் என்று ஆக்கினார்கள். மறுபடி முதலிலிருந்து விவரமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அந்தத் தாளை மட்டும் சொல்கிறேன். தலைப்பு, ‘நார்னியா: வேதாகம ஒப்பீடு’. முதல் கேள்வி, பொருத்துக. இடப்பக்கம் கதையில் வருகிற அஸ்லான் என்கிற சிங்கம், வெள்ளைச் சூனியக்காரி, எட்மண்டின் அண்ணன் பீட்டர், பேசுகிற விலங்குகளான பீவர் தம்பதி. வலப்பக்கம் சாத்தான், பேதுரு, இயேசு, புதிய ஏற்பாட்டுத் தம்பதி ஆக்கில்லா பிரிஸ்கில்லா. பீவர் தம்பதிக்கு ஆக்கில்லா பிரிஸ்கில்லாவைப் பிடித்துக் கட்டிவைத்த அந்த மூளையை நினைத்து ராத்திரி முழுக்கச் சிரித்தேன். அழாமல் இருக்கத்தான் சிரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி கோடிட்ட இடம். ‘எட்மண்ட் யாருக்கு ஒப்பு?’ என் மகள் பென்சிலால் ‘எனக்கு’ என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் சரியான விடை, இயேசுவைக் காட்டிக்கொடுத்த ‘யூதாஸ்காரியோத்து’.

பத்து வயதுப் பிள்ளை. ஒரு துண்டு இனிப்புக்காகக் கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்த பையனின் கதையைக் கேட்டுவிட்டு, அது நான்தான் என்று எழுதியிருக்கிறாள். அதைத் தப்பு என்று அடித்திருக்கிறோம். இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போய், ஒரு பணக்காரன் பிடுங்கிக்கொண்ட ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னார். தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யாரவன் என்று குதித்தான், ‘நீயே அந்த மனுஷன்’ என்றார் நாத்தான். எங்கள் சண்டே ஸ்கூலில் நாத்தான் தாள் கொடுத்திருந்தால், ‘ஆட்டுக்குட்டி யாருக்கு ஒப்பு’ என்று கோடு போட்டுப் பொருத்திவிட்டு, பத்துக்குப் பத்து வாங்கிக்கொண்டு தாவீது அரண்மனைக்குள் போயிருப்பான்.

நான் சொல்ல வருவது இது ஒன்றுதான், இன்னும் பத்துத் தடவை சொல்லுவேன். கதையைக் கதையாகக் கேட்க விடுங்கள்.

ஆறு ஞாயிறு சொன்னேன் அந்தக் கதையை. பாடம், மனப்பாட வசனம், காணிக்கை எல்லாம் முடிந்தபிறகு கடைசிப் பத்து நிமிடம். சூனியக்காரி எட்மண்டுக்குக் கொடுத்த அந்த இனிப்பு, டர்கிஷ் டிலைட் என்றால் என்ன டீச்சர் என்று கேட்டார்கள், திருநெல்வேலிப் பிள்ளைகளிடம் வேறு என்ன சொல்ல, அல்வா மாதிரி என்றேன். பின்வரிசையில் ஒருவன், “அப்ப அந்தச் சூனியக்காரி எட்மண்டுக்கு அல்வா கொடுத்துட்டா” என்றான். ஒப்பீட்டுத் தாள் இல்லாமலே பாவத்தைப் பற்றி அதைவிடச் சரியாக ஒரு வரி நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அந்த நாட்டில் எப்போதும் பனிக்காலம், ஆனால் கிறிஸ்மஸ் மட்டும் வரவே வராது என்று சொன்னபோது வகுப்பு கப்சிப். புதுத்துணி கிடையாதா, ராத்திரி பஜனை கிடையாதா, முறுக்கு கிடையாதா என்று ஒரு குட்டிப்பெண் கணக்குப் போட்டாள். நரகத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறோம், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சரி, ஆடியோவுக்கு வருகிறேன். சூனியக்காரி வருகிற புத்தகம் சபைக்குள் எப்படி வந்தது, பழைய ஏற்பாட்டில் சூனியத்தை விலக்குகிற உபாகமம் 18 படித்ததில்லையா என்கிறார் அண்ணாச்சி. படித்திருக்கிறேன். சூனியக்காரன் மட்டுமில்லை, குறிசொல்லுகிறவனும் அதே வசனத்தில்தான் இருக்கிறான். ஆனால் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியிருக்கிறாரே, குறவஞ்சி என்றாலே குறத்தி வந்து குறிசொல்லுவதுதானே, அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்கும் ஆராதனையில் எழுந்து நின்று பாடுகிறோமே, அவரை என்ன செய்யலாம்? எந்தோரில் அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ சாமுவேல் புத்தகத்தில் இருக்கிறாள். பிலேயாமின் கழுதை பேசுகிறது. நியாயாதிபதிகள் 9இல் மரங்களெல்லாம் சேர்ந்து ராஜா தேடிப் போகின்றன, ஒலிவ மரம் மாட்டேன் என்கிறது, அத்திமரம் மாட்டேன் என்கிறது, கடைசியில் முட்செடி ராஜாவாகிறது. இதையெல்லாம் மேலைநாட்டு மாயாஜாலம் என்று யாரும் ஆடியோ போடவில்லை. இயேசுவை யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று பாட்டுப் பாடுகிற வாய்க்கு ஒரு சிங்கம் பேசினால் மட்டும் பிசாசு.

இது எளிதான பதில் என்று எனக்கே தெரியும். அண்ணாச்சிமேல் எனக்குப் பெரிய கோபமும் இல்லை. பயப்படுகிற மனிதர், பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறார், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. எனக்கு ஆறாதது, புத்தகத்தை நாங்கள் காப்பாற்றிக்கொடுத்தோம் என்று வந்து நின்ற நல்லவர்கள். ‘டீச்சர், நாங்கதான் பேசிச் சரிபண்ணோம், ஒரு ஒர்க்‌ஷீட் வச்சு நடத்தினா ஆட்சேபணை இல்லன்னுட்டாங்க.’ தடை செய்தவர் அந்தப் புத்தகத்துக்கு ஒரு சக்தி இருக்கிறது என்றாவது நம்பினார். இவர்கள் அதை உரித்து, உள்ளே இருக்கிற வசனத்தை எடுத்துக்கொண்டு, கதையைத் தோல் மாதிரி எறிந்துவிட்டார்கள்.

எழுதினவரே அப்படி எழுதவில்லை. சி.எஸ். லூயிஸுக்கு முதலில் வந்தது உபதேசம் இல்லை, ஒரு படம். பனி விழுந்த காட்டில் குடை பிடித்து, கையில் பொட்டலங்களோடு போகிற, ஆட்டுக்கால் உள்ள ஓர் ஆள். 16 வயதிலிருந்து அது மனதில் கிடந்தது, புத்தகமாக வெளிவந்தது 1950இல். சிங்கம் பிற்பாடு தானாக வந்து குதித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சின்ன வயதில் ‘கிறிஸ்துவின் பாடுகளை நினைத்தால் உனக்கு இப்படி இப்படி உணர்ச்சி வரவேண்டும்’ என்று சொல்லிச் சொல்லியே தனக்கு எந்த உணர்ச்சியும் வராமல் போயிற்று, கதைக்குள் வைத்தால் அந்தக் காவலைத் தாண்டி உள்ளே போய்விடலாமே என்று நினைத்ததாகவும் எழுதினார். நாம் என்ன செய்தோம்? அவர் தாண்டிய சுவரைத் திரும்பக் கட்டி, அதில் பொருத்துக என்று எழுதியிருக்கிறோம்.

உடனே ஒருவர் வருவார், லூயிஸே ஒரு கடிதத்தில் எட்மண்டை யூதாஸோடு ஒப்பிட்டிருக்கிறாரே என்று. ஒப்பிட்டார். யூதாஸைப் போலத் துரோகி என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், யூதாஸைப் போலில்லாமல் மனந்திரும்பினான், மன்னிக்கப்பட்டான் என்றும் சொன்னார். இரண்டாவது பாதி எங்கே போயிற்று தாளில்? மன்னிக்கப்பட்டு ராஜாவான பையனுக்கு, நான்றுகொண்டு செத்தவன் பெயரை விடையாகப் போட்டுவிட்டு, அது நான்தான் என்று சொன்ன பிள்ளைக்குத் தப்புப் போடுகிறீர்கள்.

இன்னொருவர் வருவார், எங்கள் திருநெல்வேலி ஆளே. ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ முழுக்க உருவகம்தானே, அதைத்தானே ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார், அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒப்பு இருக்கிறதே என்று. இருக்கிறது. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த மனுஷன், கம்பனில் ஊறியவர், 1894இல் அந்தக் காவியத்தைக் கொண்டுவந்தார். யாராவது அதை ஒப்புக்காகவா படிக்கிறோம்? பாட்டுக்காகப் படிக்கிறோம். இது முழுப் பதில் இல்லை என்றால் இல்லைதான். எனக்கு இன்றைக்கு நியாயம் எடைபோடுகிற மனநிலை இல்லை.

கதைக்காகப் படிக்கிறோம் என்பதற்கு லூயிஸின் வாழ்க்கையே சாட்சி. கடவுள் உண்டு என்பதுவரை வந்துவிட்டார், கிறிஸ்து என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. 1931 செப்டம்பரில் ஓர் இரவு, ஆக்ஸ்போர்டில் ஆற்றோரப் பாதையில் நண்பர்கள் இரண்டு பேரோடு நடக்கிறார். ஒருவர், பின்னால் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கின். பழைய புராணக் கதைகளில் ஒரு தெய்வம் செத்து உயிர்த்தெழுந்தால் உனக்கு மனசு உருகுகிறதே, இதுவும் அப்படி ஒரு கதைதான், ஆனால் இது நிஜமாகவே நடந்தது, இதுதான் டோல்கின் சொன்னதன் சாரம். சில நாள் கழித்து அண்ணனுடைய மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் உட்கார்ந்து மிருகக்காட்சி சாலைக்குப் போனார் லூயிஸ். கிளம்பும்போது விசுவாசம் இல்லை, போய் இறங்கும்போது இருந்தது. தாள் திருத்தி யாரும் அவரை மனந்திருப்பவில்லை.

அந்த டோல்கினுக்கு நார்னியா பிடிக்கவே பிடிக்காது என்பது வேறு விஷயம். உருவகக் கதை என்றாலே அவருக்கு ஆகாது. அவருடைய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புத்தகத்தில் மதச் சடங்கு இல்லை, கோயில் இல்லை, இயேசு என்ற பெயர் இல்லை. ஆனால் இது அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு என்று ஒரு பாதிரியாருக்கு 1953இல் கடிதம் எழுதினார். பின்னிணைப்பில் தேதி பார்த்தால் தீய மோதிரத்தை அழிக்கக் கூட்டாளிகள் புறப்படுவது டிசம்பர் 25, மோதிரம் அழிவது மார்ச் 25. மரியாளுக்குத் தூதன் வந்த பண்டிகை நாள் அது, சிலுவையில் அறைந்ததும் அதே தேதியில்தான் என்று பழைய நம்பிக்கையும் உண்டு. இது தெரியாமலே மூன்று தடவை படித்தேன். தெரியாமல் படித்தபோதும் கடைசியில் மோதிரத்தைச் சுமக்கிற புரோடோ தோற்றுப்போகிற இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றிருக்கிறேன். அவ்வளவு தூரம் சுமந்துவந்தவன் கடைசி அடியில் முடியாது என்கிறான், எப்போதோ இரங்கி உயிரோடு விட்ட ஒரு கேவலமான ஜந்துவால் உலகம் பிழைக்கிறது. கிருபை என்றால் என்ன என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது, ஆனால் பிடிபட்டுவிட்டது.

‘நீங்க எல்லாத்துலயும் இயேசுவைத் தேடுறீங்க, இலக்கியத்தை இலக்கியமா படிங்க’ என்கிற என் முற்போக்கு நண்பர்களுக்கு ஒரே வரி. ஒர்க்‌ஷீட் போட்டவர்களும் நீங்களும் ஒரே கட்சி. கதை வேறு, உள்ளே இருக்கிறது வேறு என்று இரண்டு பேருமே நினைக்கிறீர்கள்.

இப்போது சொல்ல வேண்டாம் என்று நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நார்னியா புத்தகம் சண்டே ஸ்கூல் அலமாரிக்கு நான் கொடுத்தது. கடையில் வாங்கிய புதுசு இல்லை, அப்பாவுடையது. பழைய புத்தகக் கடையில் 30 ரூபாய்க்கு வாங்கி, முதல் பக்கத்தில் தலைமையாசிரியருடைய பச்சை மையில் கையெழுத்துப் போட்டு எனக்குக் கொடுத்தார். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ராத்திரி தூக்கம் வராது. டிரிப்ஸ் ஸ்டாண்டை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மறு கையை என் தோள்மேல் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடப்பார். எதுவும் பேசமாட்டார். ஒருநாள் நான் கொஞ்சம் விலகியபோது மட்டும், “பக்கத்துலயே வா” என்றார்.

அடுத்த பெரிய வெள்ளி மூன்று மணிநேர ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளும் முடிந்தன, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, உள்ளே கல். வீட்டுக்கு வந்து இந்தப் புத்தகத்தை எடுத்தேன். எட்மண்டுக்காகச் சாகப்போகிற சிங்கம் ராத்திரி தனியாக நடந்து போகிறது, இரண்டு பெண்பிள்ளைகள் பின்னாலேயே போகிறார்கள். எனக்குத் துக்கமாகவும் தனியாகவும் இருக்கிறது, உங்கள் கையை என் பிடரிமயிரில் வையுங்கள், நீங்கள் கூட இருப்பது எனக்குத் தெரியட்டும் என்கிறது. அவ்வளவுதான். பிடிபடுமுன் இயேசு ஜெபித்த கெத்செமனேத் தோட்டத்தின் பகுதியை எனக்கு ஆயிரம் தடவை வாசித்திருக்கிறார்கள், சீஷர்கள் தூங்கியதுதான் ஞாபகம் இருந்தது. அவர் கூட இருக்கச் சொல்லிக் கேட்டார் என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அந்த இடத்துக்கு நேராக எதைப் பொருத்துவீர்கள்? என் அப்பாவுக்கு வலப்பக்கத்தில் என்ன போடுவீர்கள்?

‘அப்ப உங்களுக்கு வேதத்தைவிட கதைப்புத்தகம்தான் பெருசா சிஸ்டர்’ என்று கேட்கப்போகிறவர்களுக்கு, அமெரிக்காவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இதே பயத்தில் தவித்தான், இயேசுவைவிட அஸ்லானை அதிகமாக நேசிக்கிறேனோ என்று. அவன் அம்மா எழுதிய கடிதத்துக்கு லூயிஸ் பதில் போட்டார். அஸ்லான் செய்ததற்காகவும் சொன்னதற்காகவும்தான் அவன் நேசிக்கிறான், அதெல்லாம் இயேசு செய்ததும் சொன்னதும்தான், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று. அந்த அம்மா பயந்த பிள்ளையை அதட்டவில்லை, எழுதிக் கேட்டாள். இவ்வளவுதான் நானும் எதிர்பார்த்தேன். யாராவது ஒருவர், ‘டீச்சர், எட்மண்ட் தான்தான்னு ஏன் எழுதினா உங்க மக?’ என்று கேட்டிருக்கலாம்.

புத்தகம் நேற்றே தாளோடு சேர்ந்து வந்துவிட்டது, ஒரு ஜவுளிக்கடைப் பையில். சூனியக்காரி படம் வருகிற இடத்தில் முகத்தின்மேல் ‘இயேசுவே ஜெயம்’ ஸ்டிக்கர். அப்பாவின் கையெழுத்தின் மேலேயும் ஒன்று, அது எதற்கு என்று தெரியவில்லை. அதை எடுக்கத் தைரியம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். சூனியக்காரியின் மேலே இருந்ததைத் தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக உரித்தேன். தாளும் கூடவே வந்து முகம் பாதிதான் மிஞ்சியது.

மகள் எட்டிப் பார்த்தாள். “முன்னாடி இவ்வளவு பயமா இல்லம்மா” என்றாள்.