பகுத்தறிவின் தத்துவத்தை மனப்பாடம் செய்து என்ன பயன்?

"உன் புத்தியால் யோசி, யாரோ சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே" என்று ஒரு தத்துவம் சொல்கிறது. அதை உருவாக்கியவர் சொன்னார் என்பதற்காகவே ஒருவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், அவர் அந்தத் தத்துவத்தைப் படிக்கவே இல்லை என்றுதான் சொல்வேன். அமெரிக்க நாவலாசிரியர் அய்ன் ராண்ட் உருவாக்கிய அந்தத் தத்துவமான அப்ஜெக்டிவிசத்தைப் படிக்க வருகிற பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான். அவருடைய நாவலில் வரும் நாயகனைப் பிடித்துப்போகிறது, அப்புறம் அரசியல் முழக்கங்கள் பிடித்துப்போகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாதங்களை யாரும் தொடுவதில்லை. எதிர்ப்பவர்களும் அப்படித்தான். "சுயநலத்துக்கு வக்காலத்து" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ராண்ட் 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு அவருடைய அப்பாவின் மருந்துக்கடையைப் போல்ஷெவிக்குகள் பறிமுதல் செய்தார்கள். 1926-இல் அவர் அமெரிக்கா போய்விட்டார். கூட்டத்தின் பெயரால் தனிமனிதனை நசுக்குவதை அவர் ஏன் அவ்வளவு வெறுத்தார் என்று இதிலிருந்து புரிகிறது. ஆனால் அவர் பட்ட துன்பம் அவருடைய வாதத்துக்குச் சான்றாகாது. வாதத்தை வாதமாகத்தான் எடைபோட வேண்டும்.

1957-இல் அவருடைய 'அட்லஸ் ஷ்ரக்டு' நாவல் வெளிவரவிருந்த சமயம். பதிப்பகத்தின் விற்பனைக் கூட்டத்தில், ஒற்றைக் காலில் நின்றபடி உங்கள் தத்துவத்தைச் சொல்ல முடியுமா என்று ஒருவர் அவரிடம் கேட்டார். அவரும் சொன்னார்: மெய்ப்பொருளியலில் (எது உண்மையில் இருக்கிறது என்பதில்) புறவய யதார்த்தம், அறிவுக்கோட்பாட்டில் (எப்படி அறிகிறோம் என்பதில்) பகுத்தறிவு, அறவியலில் தன்நலன், அரசியலில் முதலாளித்துவம். பலர் இந்த நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு படித்தாயிற்று என்று நினைக்கிறார்கள். ராண்ட் முக்கியமாகக் கருதியது அந்த வரிசையை. கடைசி இரண்டும் முதல் இரண்டின் மேல் நிற்கின்றன. முதலாளித்துவத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர் அடித்தளம் இல்லாத மாடியில்தான் ஏறி நிற்கிறார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, 1966-67 வாக்கில் அவர் தொடராக எழுதிய அறிவுக்கோட்பாட்டுக் கட்டுரைகள். அதிகம் விற்காத, அதிகம் பேசப்படாத பகுதி அது. அவருடைய அசலான சிந்தனை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அதில் ஒரு சின்ன இடம். ஒரு குழந்தை தீக்குச்சியையும் பென்சிலையும் ஒரு கம்பையும் பார்க்கிறது. மூன்றிலும் நீளம் என்ற ஒரு பண்பு இருக்கிறது, அளவு மட்டும் வேறு. குழந்தை அந்த அளவுகளை விட்டுவிட்டுப் பண்பை மட்டும் பிடித்துக்கொள்கிறது. நீளம் என்றால் ஏதோ ஒரு அளவு இருந்தே ஆக வேண்டும், ஆனால் எந்த அளவாகவும் இருக்கலாம். இதை 'அளவு விடுபடல்' என்கிறார். கருத்தாக்கங்கள் வானத்திலிருந்து விழுந்தவையும் அல்ல, நாம் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர்களும் அல்ல, உலகைப் பார்த்து ஒரு முறைப்படி உருவாக்கியவை என்று காட்ட வருகிறார். எவ்வளவு எளிமையான உதாரணம்! ஆனால் அதோடு நிறுத்தாமல் 'அன்பு' என்ற கருத்தாக்கத்தில் எந்த அளவை விடுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். மதிப்புகளை மேல் கீழாக அடுக்குவதும் ஒருவகை அளவீடுதான் என்று அவர் பதில் சொல்கிறார். நீளத்தில் பளிச்சென்று விளங்கிய விஷயம் இங்கே கொஞ்சம் இழுபடுவதாக எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்டிவிடாதீர்கள்.

இந்த வட்டத்தில் அடிக்கடி எடுத்து வீசப்படும் ஆயுதம் 'திருடிய கருத்தாக்கம்' என்ற குற்றச்சாட்டு. ஒரு கருத்தாக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டே, அது எதன் மேல் நிற்கிறதோ அதை மறுப்பதற்கு அந்தப் பெயர். "சொத்து என்பது திருட்டு" என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோனின் 1840-ஆம் ஆண்டு வாசகத்தை உதாரணமாகக் காட்டுவார்கள். சொத்து என்று ஒன்று இல்லாவிட்டால் திருட்டு எப்படி இருக்கும்? கூர்மையான கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் புரூதோனையே எடுத்துப் படித்தால், ஒருவர் தானே பயன்படுத்தி அனுபவிக்கும் உடைமையையும், வாடகை வாங்கித் தரும் சொத்தையும் அவர் தனித்தனியாகப் பிரிப்பது தெரியும். அவர் தாக்கியது இரண்டாவதை. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு வரியை வைத்து அவரை வீழ்த்திவிட்டதாக நினைப்பது நேர்மையான வாசிப்பு ஆகாது.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் விஷயத்தில் இது இன்னும் மோசம். நவீன சிந்தனை கெட்டதற்கே மூலகாரணம் கான்ட்தான் என்றார் ராண்ட். சரி, அவருக்குக் காரணங்கள் இருந்தன. கடமைக்காகவே கடமை என்ற அறவியல் அவர் பார்வைக்கு நேர் எதிரானது. ஆனால் 1784-இல் அறிவொளி பற்றிக் கட்டுரை எழுதி, பிறர் கைப்பிடித்து நடத்தாமல் சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணியுங்கள் என்று கேட்டவரும் அதே கான்ட்தான். அந்தச் சில பக்கங்களைக்கூடப் படிக்காமல் கான்ட்டைத் திட்டும் மாணவர், ராண்ட் எதிர்த்த இரவல் சிந்தனையையே செய்கிறார்.

இந்த இயக்கத்தின் வரலாறும் இங்கே பாடம்தான். 1968-இல் ராண்டுக்கும் நெருங்கிய சகாவான நதானியல் பிராண்டனுக்கும் முறிவு ஏற்பட்டபோது மாணவர்களும் பக்கம் பிரிந்தார்கள். தத்துவத்துக்கும் அந்த முறிவின் சொந்தக் காரணங்களுக்கும் என்ன சம்பந்தம்? 1989-இல் இதே இயக்கத்தைச் சேர்ந்த தத்துவவாதி டேவிட் கெல்லிக்கும் ராண்டின் வாரிசான லியோனார்ட் பீகாஃபுக்கும் இடையில் வெடித்த சண்டை இதைவிடக் கனமானது. ராண்ட் எழுதியதோடு அப்ஜெக்டிவிசம் மூடப்பட்டதா, இல்லை திருத்தவும் வளர்க்கவும் இடம் உண்டா? அப்ஜெக்டிவிசம் என்ற பெயர் ராண்ட் எழுதியதோடு மூடப்பட்டது என்று பீகாஃப் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. நான் சேர்த்ததை ராண்டின் தலையில் கட்டக் கூடாது அல்லவா? ஆனால் உண்மையை அப்படி மூட முடியாது. மாணவருக்குப் பெயரைவிட உண்மைதான் பெரிதாக இருக்க வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் 1961-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய அறவியல் உரை. அழிக்கவே முடியாத ஒரு ரோபோவைக் கற்பனை செய்யச் சொல்கிறார். எதுவும் அதைப் பாதிக்காது, அதற்கு எதுவும் நல்லதோ கெட்டதோ கிடையாது. ஆகவே அதற்கு மதிப்புகளே இருக்க முடியாது. வாழ்வா சாவா என்ற கேள்வி உள்ள உயிருக்குத்தான் மதிப்பு என்ற ஒன்றே பிறக்கிறது என்கிறார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அற நூல்கள் பெரும்பாலும் எதை மதிக்க வேண்டும் என்று தொடங்கும்போது, மதிப்பு எதற்காகத் தேவைப்படுகிறது என்று முதலில் கேட்கிறார் இவர்.

1971-இல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் இதே வாதத்தைக் குடைந்தார். அவர் சுதந்திரச் சந்தைக்கு எதிரி அல்ல என்பதால் அவர் கேள்விக்குக் கூடுதல் எடை. உயிர் இருந்தால்தான் மதிப்புகள் இருக்க முடியும் என்பதிலிருந்து, உயிரே மதிப்பு என்று எப்படி வந்தீர்கள்? இதற்குத் தத்துவவாதிகளான டென் உய்லும் ராஸ்முஸனும் 1978-இல் மறுப்பு எழுதினார்கள், டாரா ஸ்மித் 2000-இல் ஒரு புத்தகமே எழுதினார். இவற்றை ராண்டின் உரைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என் இப்போதைய கணிப்பு இதுதான்: வாழத் தேர்ந்துவிட்டவருக்கு ராண்டின் வாதம் உறுதியாக நிற்கிறது. வாழ்வதா என்ற அந்த முதல் தேர்வுக்கே அறம் காரணம் தர முடியுமா என்ற இடத்தில் நோசிக்கின் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்மித் அங்கே சொல்லும் பதிலை நான் இன்னும் ஏற்கவில்லை. ஏற்றவர்கள் இருந்தால், ஏன் என்று கீழே எழுதுங்கள்.