முதலில் ட, அப்புறம்தான் அ

பேரன் எல்.கே.ஜி. படிக்கிறான், மூன்றரை வயது. போன வாரம் நான்கு பக்கம் ‘அ’ எழுதிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் பென்சிலை வீசிவிட்டு, “கை வலிக்குது ஆயா” என்று மடியில் வந்து விழுந்தான். அதே நோட்டில் முந்தின பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘கையெழுத்தில் கவனம் தேவை.’ மூன்றரை வயதில் கையெழுத்தாம்!

மாநகராட்சிப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், பிள்ளை பொய் சொல்லவில்லை. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்புதான். வருஷத்துக்கு ஒன்று என்கிற மாதிரி மெதுவாகத்தான் இறுகும். இந்த வயதில் எக்ஸ்ரே எடுத்தால் எட்டில் சிலதுதான் தெரியும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துவிட்டு, கோட்டுக்குள்ளே நிற்கவில்லை என்று குறை வேறு.

அதிலும் ‘அ’ இருக்கிறதே, அது லேசுப்பட்ட எழுத்தா? சுழி, வளைவு, குறுக்கே ஒரு இழுப்பு, கடைசியில் நேர்க்கோடு. ‘இ’ அதைவிட மோசம், போன வழியே சுற்றிச் சுற்றித் திரும்ப வேண்டும். நான் எப்போதும் ‘ட’வில்தான் தொடங்குவேன். மேலிருந்து ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, முடிந்தது. அதையே மேலே ஏற்றினால் ‘ப’. அப்புறம் ‘ம’. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் பிள்ளையே எழுதிப் படித்துவிடும். உயிரெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன வார்த்தை எழுதுவது? ஆ என்றால் பசு, ஈ என்றால் ஈ. மூன்றாவதற்குத் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

“அகர முதல எழுத்தெல்லாம் என்று வள்ளுவரே சொல்லியிருக்காரே” என்று மருமகன் மடக்கினார். சரி, வாயால் சொல்லும்போது அ-வில் தொடங்கட்டும், நான் தடுக்கவில்லை. வாய் வரிசை வேறு, கை வரிசை வேறு.

பழகிய கையைத் திருப்புவதே எவ்வளவு கஷ்டம் தெரியுமா? என் வயதுக்காரர்களுக்கு யானைத் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’ நினைவிருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நான் வளர்ந்த பெண். அப்படியும் ரொம்ப நாளைக்குத் தும்பிக்கை தானாக வந்து நின்றது.

பென்சிலுக்கு முன்னால் விரல். விஜயதசமியன்று அரிசித் தட்டில் விரலைப் பிடித்துத்தானே எழுத வைக்கிறோம்? மறுநாளே அதை மறந்துவிடுகிறோம். இதில் ஒரு வேடிக்கை. 1790-களில் நம் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். 1797-இல் இதையெல்லாம் லண்டனில் புத்தகமாகவே போட்டார். முன்னே படித்த பையன் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சேர்ந்து அது அங்கே ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வாங்கியது. அதே மதராஸில்தான் இப்போது என் பேரனுக்கு நான்கு பக்கம் வீட்டுப்பாடம்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். சப்பாத்தி மாவை உருட்டி ‘ட’ செய்கிறான். வாசலில் நான் கோலம் போடும்போது பக்கத்தில் அவனுக்கு நாலு புள்ளி, அதைச் சுற்றி வளைக்க வேண்டும். ஆம்பளைப் பிள்ளைக்குக் கோலமா என்று எதிர்வீட்டம்மா கேட்டார், கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் அலை வந்து போன ஈர மணலில் ஐஸ் குச்சியால் முழங்கை நீளத்துக்கு ஒரு ‘ட’ எழுதினான். இடம் வலம் மாறிப் போயிருந்தது. இந்த வயதில் அப்படித்தான் மாறும், நான் திருத்தவில்லை. அலை வந்து அழித்ததும் அவனே இன்னொன்று எழுதினான்.

அந்த நான்கு பக்கம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ராத்திரி பத்து மணிக்கு என் மகள் உட்கார்ந்து எழுதினாள். பிள்ளை எழுதியது போலத் தெரிய வேண்டுமே என்று இடது கையால். இரண்டாவது பக்கத்திலேயே, “அம்மா, கை வலிக்குதும்மா” என்றாள். மறுநாள் நோட்டில் ஒரு ஸ்டார் போட்டு அனுப்பியிருந்தார்கள்.