மாமாவின் மூக்கு

(இரவு பத்தரை மணி. விருந்தினர் அறை. சாயங்காலம் வந்து இறங்கிய மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மூக்கின் மேல் துண்டு. தண்ணீர் பாட்டிலோடு மாப்பிள்ளை எட்டிப் பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: என்ன மாமா, தூக்கம் வரவில்லையா?

மாமனார்: அது வரும் மாப்பிள்ளை. அதற்கு முன்னால் வேறு ஒன்று வந்துவிட்டது.

மாப்பிள்ளை: என்னது?

மாமனார்: நாற்றம் என்று சொல்ல மாட்டேன். பெண் கொடுத்த வீடு. ஒரு மாதிரி... மணம்.

மாப்பிள்ளை: எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. அதுவும் இல்லாமல், பழந்தமிழில் நாற்றம் என்றாலே நறுமணம்தான் மாமா.

மாமனார்: அப்படியானால் இந்தக் குளியலறை சங்க காலத்தில் கட்டியதாக இருக்கும். கதவைத் திறந்து பாருங்க.

மாப்பிள்ளை: (மூக்கை உறிஞ்சி) ம்ஹூம்.

மாமனார்: இங்கேயே இருக்கிற மூக்கு, பழகிப்போயிருக்கும். வெளியே கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்து முகருங்க.

(மாப்பிள்ளை போகிறார். திரும்பி வருகிறார். வாசற்படியிலேயே நிற்கிறார்.)

மாப்பிள்ளை: ஐயையோ!

மாமனார்: அப்பாடா. இனிமேல் தைரியமாக நாற்றம் என்றே சொல்லலாம்.

மாப்பிள்ளை: அழுகின முட்டை வாடை. ஹைட்ரஜன் சல்ஃபைடு மாமா, சாக்கடைக் காற்றில் இருப்பது. எதையாவது கொளுத்தி விரட்டலாம் என்று மட்டும் நினைக்காதீங்க. கூடவே மீத்தேனும் வரும், அது பற்றிக்கொள்ளும்.

மாமனார்: கொளுத்தவில்லை. அலமாரியில் இருந்த ஸ்ப்ரேயைத்தான் அடித்தேன்.

மாப்பிள்ளை: போச்சா?

மாமனார்: சாக்கடைக்கு நடுவில் ரோஜா பூத்தது. இரண்டையும் சேர்த்து முகர்ந்துகொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை: வருத்தப்படாதீங்க. 1858ல் லண்டனில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில், பாராளுமன்றத் திரைச்சீலைகளையே பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்களாம்.

மாமனார்: இந்த அறைத் திரையையும் நனைத்தீர்களா என்ன? வந்ததும் அதில்தான் முகம் துடைத்தேன்.

மாப்பிள்ளை: இல்லை மாமா! (நிமிர்ந்து) சரி, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்போம்.

மாமனார்: அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று நினைக்கக் கூடாது.

மாப்பிள்ளை: நுழைங்க மாமா. இந்த வீட்டில் இன்றைக்கு வேலை செய்கிற மூக்கு அது ஒன்றுதான். முதலில் கமோடு. அது தரையோடு சேருகிற இடத்தில் அடைப்பு விட்டுப்போனால் வாடை கசியும். உட்கார்ந்தால் ஆடுகிறதா, பாருங்க.

மாமனார்: (உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைந்து) லேசாக ஆட்டம் தெரிகிறது. ஆனால் என் வயதில் ஆடுவது நானா, அதுவா என்று சொல்வது கஷ்டம்.

மாப்பிள்ளை: எழுந்திருங்க, நான் பார்க்கிறேன். (கையால் அசைத்து) கல் மாதிரி நிற்கிறது மாமா.

மாமனார்: அப்போ நான்தான்.

(மாப்பிள்ளை மூன்று பிளாஸ்டிக் பைகளும் டேப்பும் கொண்டுவருகிறார். வாஷ் பேசினை ஒரு பையால் மூடி ஒட்டுகிறார். பேசினுக்குக் கீழே வேஸ்ட் பைப் சுவருக்குள் போகிற இடத்தில் ஒன்று. தரையில் தண்ணீர் போகிற ஜாலியின் மேல் ஒன்று.)

மாமனார்: இது என்ன, எல்லாவற்றுக்கும் முகமூடி?

மாப்பிள்ளை: திருடன் எந்த வழியாக வருகிறானோ, அந்தப் பைக்குள் மாட்டிக்கொள்வான். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிரித்து முகர வேண்டும்.

மாமனார்: யார்?

(மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. நள்ளிரவு. முதல் பையின் ஓரம் பிரிகிறது.)

மாமனார்: பழைய சோப்புப் பிசுக்கு. பெரிதாக ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை: பேசின் விளிம்புக்குக் கீழே ஒரு ஓட்டை இருக்கிறதல்லவா, தண்ணீர் நிரம்பினால் போவதற்கு? அதற்குள் பாசி மாதிரிப் படிந்திருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். சில்லறைத் திருடன். அடுத்தது சுவர் ஓட்டை.

மாமனார்: இதில் ஒன்றுமே இல்லை.

மாப்பிள்ளை: இப்போது தரை.

(மாமனார் முட்டி போட்டுக் குனிகிறார். டேப் சர்ரென்று கிழிகிறது. மாமனார் அப்படியே பின்னால் சாய்ந்து சுவரில் முட்டிக்கொள்கிறார்.)

மாமனார்: மாப்பிள்ளை... அதைக் கட்டியே வையுங்க.

மாப்பிள்ளை: மாட்டிக்கொண்டான்! இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ளலாமா மாமா?

மாமனார்: (மெல்ல முகர்ந்து) ஆச்சரியமாக இருக்கிறது. இப்போது எனக்கு வாடையே தெரியவில்லை. போய்விட்டது போல.

மாப்பிள்ளை: போகவில்லை. உங்க மூக்கு சோர்ந்துவிட்டது. இந்த வாயு அதிகமாக இருக்கிற இடத்தில் மூக்கு மரத்தே போகும். சாக்கடைக் குழியில் இறங்குகிறவர்களுக்கு ஆபத்தே அதுதான், நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பிவிடுவார்கள். ஜன்னலைத் திறக்கிறேன், நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க.

(ஜாலியை எடுத்துவிட்டு டார்ச் அடிக்கிறார். உள்ளே ஒரு கிண்ணம். அடியில் காய்ந்து வெடித்த சோப்புப் படலம், சுருண்டு கிடக்கும் முடி, மல்லாந்து கிடக்கும் ஒரு கரப்பான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.)

மாமனார்: காய்ந்துபோய்த்தானே இருக்கிறது? சுத்தமாக இருந்தால் ஏன் நாறுகிறது?

மாப்பிள்ளை: காய்ந்ததால்தான் நாறுகிறது. இது ட்ராப் மாமா. இதில் எப்போதும் ஒரு 5 சென்டிமீட்டராவது தண்ணீர் நிற்க வேண்டும். குளிக்கிற தண்ணீர் இதைத் தாண்டிப் போகும், சாக்கடைக் காற்று இதைத் தாண்டி வர முடியாது. தண்ணீர்தான் வாட்ச்மேன். ஆவியாகிவிட்டது, வாசல் திறந்து கிடக்கிறது. 1775லேயே அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் குழாயை வளைத்துத் தண்ணீரை நிறுத்தி, கழிவறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

மாமனார்: பிளம்பரா?

மாப்பிள்ளை: கடிகாரம் செய்கிறவர்.

மாமனார்: வாட்ச் செய்தவர், வாட்ச்மேனும் வைத்திருக்கிறார். சரி, பேசினிலும் கமோடிலும் வாட்ச்மேன் எப்படி இருக்கிறான்?

மாப்பிள்ளை: வந்ததும் நீங்க முகம் கழுவினீங்க, ஃப்ளஷ் செய்தீங்க. அவை நிரம்பிவிட்டன. தரைக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் யாராவது குளிக்க வேண்டும்.

(ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறார். கிண்ணம் நிறைந்து கரப்பான் மிதந்து போகிறது. பிறகு ஃப்ளஷை அழுத்திவிட்டுக் காதைத் தரையில் வைக்கிறார்.)

மாமனார்: இப்போது காதா?

மாப்பிள்ளை: களக் களக் என்று சத்தம் வந்தால் மாடியில் நிற்கிற காற்றுக்குழாயை இலையோ பறவைக்கூடோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். காற்று வராவிட்டால் ஃப்ளஷ் தண்ணீர் போகிற வேகத்தில் ட்ராப் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். சத்தமில்லை. அவ்வளவுதான் மாமா, வேலை முடிந்தது.

மாமனார்: ஒரு சந்தேகம். இதில் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது யார்?

மாப்பிள்ளை: போன தடவை வந்தபோது... நீங்கதான் மாமா. பத்து மாதம் ஆகிறது.

மாமனார்: நான் வராததால் வந்த வினை! அப்போ மாதம் ஒரு தடவை வந்தால் சரியாகிவிடும்.

மாப்பிள்ளை: (அவசரமாக) ஒரு வாளித் தண்ணீர்தானே, வாரம் ஒரு தடவை நானே ஊற்றிவிடுவேன்.

மாமனார்: பத்து மாதமாக ஊற்றாத நீங்களா?

மாப்பிள்ளை: அதற்கும் வழி இருக்கிறது. தண்ணீர் மேல் நாலைந்து ஸ்பூன் மினரல் ஆயில் விட்டால் படலமாக நிற்கும். சீக்கிரம் ஆவியாகாது, பல வாரம் தாங்கும்!

மாமனார்: என்ன ஒரு சந்தோஷம் முகத்தில்.

மாப்பிள்ளை: அதெல்லாம் இல்லை மாமா...

மாமனார்: குளித்தால் அந்த எண்ணெய் நிற்குமா?

மாப்பிள்ளை: நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். ஆள் குளிக்காத அறைக்குத்தான் அது.

மாமனார்: அப்போ வேண்டாம். நான் தினம் இரண்டு வேளை குளிக்கிறவன்.

மாப்பிள்ளை: எத்... எத்தனை நாளைக்கு மாமா?

மாமனார்: (மூக்கிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு) பெட்டியில் இன்னும் ஆறு துண்டு இருக்கிறது மாப்பிள்ளை.