பெயரை மாற்றியது துறைமுக அதிகாரி அல்ல

"1738இல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய ஷ்னைடரை அதிகாரிதான் ஸ்னைடர் ஆக்கினார்" என்று ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய முன்னோரைப் பற்றிச் சொல்வது சரியல்ல. பெயரை மாற்றுவது அங்கே யாருடைய வேலையும் அல்ல.

1727 முதல் ஃபிலடெல்ஃபியா துறைமுகம் வழியாகப் பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மானியரில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை கிடைக்கின்றன. கப்பல் தலைவரின் பட்டியல் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும். மீதி இரண்டான உறுதிமொழித் தாள்களில்தான் அவரவர் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் குறி போட, பெயரை எழுத்தர் எழுதினார்; அந்த எழுத்துக்கூட்டலை நம்பிவிடாதீர்கள். இந்தப் பட்டியல்களைத் திரட்டி 1934இல் வந்த ஸ்ட்ராஸ்பர்கர்–ஹிங்கி தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் கையெழுத்துகளின் நகலே இருக்கிறது. அச்சுப் பட்டியலோடு நிறுத்தாமல் அதையும் பாருங்கள்.

ஸ்னைடர் என்பது பிறகு வரிப்பட்டியல், நிலப்பத்திரம், உயில் என்று ஆங்கில எழுத்தர்கள் கையில் மெல்ல மெல்ல நிலைத்தது.

இன்னொன்று: தேவாலயப் பதிவேட்டில் 'ஷ்னைடரின்' என்றிருந்தால் அது வேறு குடும்பம் இல்லை, 'இன்' பெண்பால் விகுதி. அண்ணன் தம்பி எல்லோரும் யோஹான் என்றிருந்தாலும் குழம்ப வேண்டாம்; பெரும்பாலும் இரண்டாவது பெயர்தான் கூப்பிடும் பெயர். ஷ்னைடர் என்றால் தையற்காரர், ஊருக்கு ஊர் இருந்த தொழிற்பெயர். பெயர் ஒத்ததை மட்டும் வைத்து உறவு சேர்க்காதீர்கள்.