எரிக்காதீர்கள், பூட்டி வையுங்கள்

முப்பத்தோராம் நாள் முடிந்து, பந்தல் கழற்றி, வெளிநாட்டுச் சொந்தங்கள் பிளேன் ஏறின பிறகு எங்கள் ஊர் வீடுகளில் ஒரு வேலை தொடங்கும். செத்தவரின் அலுமாரியை ஒதுக்குவது. சேலை, வேட்டி யாருக்காவது போகும். நகை ஏற்கனவே போயிருக்கும். காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் மூத்தவரின் கைக்குப் போகும். மிஞ்சுவது கடிதக் கட்டு, பழைய டயறி, பேப்பர் வெட்டி ஒட்டின கொப்பி. அதைப் பின்வளவில் சருகோடு சேர்த்து நெருப்பு வைப்பார்கள். கேட்டால், "அடுத்தவையின்ர கடிதத்தை வாசிக்கிறது பாவம்" என்பார்கள்.

எரிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

எரிக்கிற பழக்கம் சோம்பலால் வந்தது இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆமியின் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால் முதலில் தேடுவது அடையாள அட்டை, அடுத்தது வீட்டில் கிடக்கிற கடதாசி. வெளிநாட்டு முத்திரை ஒட்டின ஓர் உறை, டயறியில் ஒரு பெயர், பள்ளிக்கூட குரூப் போட்டோவில் பிறகு காணாமல் போன ஒரு பெடியனின் முகம். எது யாரை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. மாமாவின் கடிதங்களை அம்மா அடுப்பில் வைத்தது அந்தக் காலத்தில்தான். வைக்கும் முன் முத்திரைகளை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி என் முத்திரைக் கொப்பியில் ஒட்டத் தந்தார். மாமா எந்த வருஷம் எந்த நாட்டில் நின்றார் என்பதை இன்றைக்கும் அந்தக் கொப்பியைப் பார்த்துச் சொல்லுவேன். என்ன எழுதினார் என்பது அடுப்போடு போயிற்று.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 வரையான நூல்கள் போனதை நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். எங்கள் அடுப்புகளில் போனதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் நெருப்பு வைத்தது நாங்கள். அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் உயிரைக் காப்பாற்ற எரித்தார். இப்போது எரிக்கிறவர்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள்?

மானத்தை என்று நினைக்கிறேன். சரி, அதிலும் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. எங்கள் ஊரிலேயே, பழைய ஆங்கிலேயர் மயானத்தில், சார்ல்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படை அட்மிரலின் கல்லறை இருக்கிறது. 1852இல் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் வாந்திபேதி வந்து இறந்தவர். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. ஜேன் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும் என்கிறார்கள். கையில் இருப்பது 160 அளவில்தான். அக்கா கசாண்ட்ரா, தான் சாவதற்குச் சில வருஷம் முன், பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார். விட்டுவைத்த சிலவற்றிலும் வேண்டாத வரிகளைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். அந்த வெட்டின இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தொடங்கின ஊகம் இன்னும் நின்றபாடில்லை. மறைத்ததால் மானம் நின்றதா, கதை வளர்ந்ததா என்று நீங்களே சொல்லுங்கள். (கோணேசர் கோயிலுக்கு வருகிற உறவுகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை அந்த மயானப் பக்கமும் போய் வரலாம். ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கல்லறை இருப்பதே தெரியாது.)

"எங்கட அம்மம்மா என்ன பெரிய ஆளா அண்ணை, அவவின்ர கணக்குக் கொப்பி யாருக்கு வேணும்?" என்று ஒரு தம்பி கேட்டான். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும், பெரிய ஆள்தான். ஆனால் இன்றைக்கு அதை எடுத்து வாசிக்கிறவர்கள் அரசியலுக்காக மட்டும் வாசிப்பதில்லை. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யாருக்கும் யாருக்கும் கொழுவல், கவர்னரின் பெண்சாதியைப் பற்றி அவர் மனதுக்குள் என்ன திட்டினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அரசாங்கக் கடதாசியில் இது வருமா?

இன்னொன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் சாதாரணச் சிப்பாய்கள், மாலுமிகளின் கடிதங்களையும் டயறிகளையும் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. கப்பலில் நின்ற வெள்ளைக்காரப் பெடியன் தாய்க்கு எழுதினது அப்படித்தான் தப்பியது. அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடின எங்கள் பாட்டிமார் என்ன சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், அரிசி என்ன விலை விற்றது? அந்தத் தம்பியின் அம்மம்மாவின் தாய் ஒரு கணக்குக் கொப்பி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

இத்தாலியில் பியேவே சாந்தோ ஸ்டெஃபானோ என்று ஒரு சின்ன ஊர். 1944இல் பின்வாங்கிப்போன ஜெர்மன் படை அந்த ஊரை வெடிவைத்துத் தரைமட்டமாக்கியது. 1984இல் சவேரியோ துத்தீனோ என்ற பத்திரிகையாளர் அங்கே சாதாரண ஆட்களின் டயறிகளுக்கும் கடிதங்களுக்குமாக ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார். க்ளேலியா மார்க்கி என்ற கமக்காரப் பெண், புருஷன் இறந்த பிறகு, கடதாசி முடிந்துபோன ஓர் இரவில் கட்டில் விரிப்பை எடுத்து அதில் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். எழுத்தால் நிரம்பின அந்த விரிப்பு இப்போது அந்தக் காப்பகத்தில் இருக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துச் சம்பூர்தான் ஞாபகம் வந்தது. 2006இல் சண்டையில் உடுத்த துணியோடு வெளிக்கிட்ட சனம் பத்து வருஷ அளவில் கழித்துத் திரும்பியபோது பலருக்கு வீடு இருந்த இடமே அடையாளம் தெரியவில்லை. அந்தச் சனத்திடம் போய்க் கடிதம் இருக்கா என்று கேட்பது பகிடி போல இருக்கும். ஆனால் அவர்கள் முகாமிலிருந்து மற்றவர்களுக்கு எழுதியிருப்பார்களே, அது கடிதம் கிடைத்தவர் வீட்டில் இருக்கும். கடிதத்தில் ஒரு வசதி, எழுதினவரின் வீடு எரிந்தாலும் கடிதம் வேறு வீட்டில்தான் கிடக்கும்.

எங்கள் ஆட்களுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். செத்தவருக்குக் கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அடிக்கிறோம்தானே. பரம்பரை விபரம், தேவாரம், புலம்பல் பாட்டு, மருமக்கள் பேரப்பிள்ளைகள் பட்டியல், வழவழப்புத் தாளில் போட்டோ. 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களை ஸ்கான் பண்ணி ஏற்றியிருக்கிறார்கள், பெரிய வேலை, பரம்பரை தேடுகிறவர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் கல்வெட்டில் யாரும் கோபப்பட மாட்டார்கள். கடன் வாங்க மாட்டார்கள். சீதனத்துக்குச் சண்டை பிடிக்க மாட்டார்கள். எல்லாரும் அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம். அதே ஆள் 1974இல் பாணுக்கு வரிசையில் நின்ற எரிச்சலில் தம்பிக்கு எழுதின கடிதத்தில்தான் ஆள் தெரிவார். கல்வெட்டு அடிக்கச் செலவழிக்கிற காசில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கடிதத்துக்குப் போனால் போதும்.

கடிதம் என்றால் கடதாசி மட்டும் இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் உம்மாமார் சவுதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போன காலத்தில் பேசி அனுப்பின கசட்டுகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. கசட் நாடாவில் பூஞ்சணம் பிடித்தால் கதை முடிந்தது, போட்டுக் கேட்க டெக்கும் இப்போது கிடைப்பதில்லை. முதலில் காப்பாற்ற வேண்டியது அவற்றைத்தான். அடுத்தது செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் போன கடிதத் தாள்கள். தடுப்பில் இருந்த மகனுக்கும் வீட்டுக்கும் இடையில் போய்வந்தவை. மூடாத தாள், குடும்பச் செய்தி மட்டும், நடுவில் மற்றவர் வாசிப்பார் என்று தெரிந்தே எழுதினது. "சுகம், சுகமா என்பதைத் தவிர ஒன்றுமில்லை" என்று தூக்கிப் போடுகிறார்கள். அதில் "ஆட்டுக்குட்டி வளர்ந்திட்டுது" என்று ஒரு வரி இருந்தால் அது உண்மையிலேயே ஆட்டுக்குட்டியா, வேறு யாருமா என்பது எழுதின தாய்க்குத்தான் தெரியும். அவர் இருக்கும்போதே கேளுங்கள். பதிலை வேறு தாளில் பென்சிலால் எழுதி, கூடவே வையுங்கள்.

எதிர்ப்பாகச் சொல்லப்படுவதில் ஒன்றை நான் மதிக்கிறேன். எழுதினவர் ஊர் வாசிக்க வேண்டும் என்று எழுதவில்லை, செத்தவரிடம் சம்மதம் கேட்கவும் முடியாது. உண்மை. அதோடு எங்கள் கடிதங்களில் வருகிற பெயர்களுக்கு உரியவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், சில பெயர்கள் இன்னும் ஆபத்தானவை. ஆவணக் காப்பகங்கள் இந்தச் சிக்கலை எப்போதோ யோசித்துவிட்டன. கொடுக்கும்போதே நிபந்தனை போடலாம். 30 வருஷம் திறக்கக்கூடாது, இன்னார் இருக்கும்வரை திறக்கக்கூடாது, வாசிக்கலாம் ஆனால் படி எடுக்கக்கூடாது. சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. கடதாசி, கடிதம் கிடைத்தவருக்குச் சொந்தம், அதில் உள்ள எழுத்து எழுதினவருக்குச் சொந்தம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்த உரிமை அவர் இறந்து 70 வருஷம்வரை இருக்கும். காப்பகத்துக்குக் கொடுத்தால் அடுத்த நாள் புத்தகமாக வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

எரிக்கிறவர்களைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொரு கூட்டத்தின் மேல். தகப்பன் தாய்க்கு எழுதின காதல் கடிதத்தைப் போட்டோ எடுத்து, இதயம் போட்டு, இங்கேயே பதிவேற்றுகிறவர்கள். எரித்தால் ஒருவரும் வாசிக்க முடியாது, இப்படிப் போட்டால் எல்லாரும் வாசிப்பார்கள், இரண்டிலும் செத்தவரின் விருப்பத்துக்கு இடமில்லை. பூட்டி வைப்பதில்தான் அதற்குக் கொஞ்சமாவது இடம் இருக்கிறது.

செய்முறை சுருக்கமாக. கட்டை அவிழ்த்துத் திகதிவாரியாக அடுக்காதீர்கள். அவர் எதை எதோடு வைத்தார் என்பதும் ஒரு தகவல். உறையை எறியாதீர்கள், தபால் முத்திரையில்தான் நாளும் ஊரும் இருக்கும். துருப்பிடித்த குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். செலோடேப்பும் லமினேட்டும் வேண்டவே வேண்டாம், டேப்பின் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும், மாரியில் சொல்லத் தேவையில்லை. கச்சான் வீசும் மாதங்களில் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். வெள்ளத்தில் நனைந்தால் இரண்டு நாளுக்குள் பொலித்தீன் பையில் போட்டு பிரீசரில் வையுங்கள், பூஞ்சணம் பிடிக்காது, பிறகு ஆறுதலாக உலர்த்தலாம். மீனுக்கு இவ்வளவு பிரீசர் இருக்கிற ஊரில் இது ஒன்றும் கஷ்டமில்லை.

ஸ்கான் படி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், அதற்கு நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. மூலம் இங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பொது நூலகத்திலோ பல்கலைக்கழக வளாகத்திலோ பூட்டுப் போட்ட ஓர் அறையும், பொறுப்பான ஓர் ஆளும், திருகோணமலையின் தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகளின் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க ஒரு இறாக்கையும் போதும். கொழும்புக்குப் போனால் பத்திரமாக இருக்கும்தான், ஆனால் மூதூர்ப் பிள்ளை தன் அப்பப்பாவின் கடிதத்தைப் பார்க்க இரவு பஸ் ஏறமாட்டாள்.

எங்கள் வீட்டில் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அம்மாவின் றங்குப் பெட்டியில் மிஞ்சினதைக் கொடுக்கத் தங்கச்சியும் சம்மதம், ஆனால் கலியாணத்துக்கு முன் அப்பாவும் அம்மாவும் எழுதிக்கொண்ட இரண்டு கடிதங்களை எடுத்துவிட வேண்டும் என்று நிற்கிறாள். நான், அந்த இரண்டையும் தனி உறையில் போட்டு, நாங்கள் இருவரும் போன பிறகு திறக்கலாம் என்று மேலே எழுதி, அதே கட்டில் அதே இடத்தில் வைக்கலாம் என்கிறேன். "அண்ணா, உங்களுக்கு வெக்கமே இல்லையா?" என்று கனடாவிலிருந்து வொய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. சித்திரைக்கு வருகிறாள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு சண்டை வந்து தீர்ந்திருந்தால் எப்படித் தீர்ந்தது என்று கீழே எழுதுங்கள், அவள் வருவதற்குள் எனக்கு ஒரு நல்ல வாதம் வேண்டும்.