மலிவு டிக்கெட்டாம், மலிவு!

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு மலிவு விலை என்று விளம்பரம் வந்தால், அது பெரும்பாலும் ஆளுக்கு மட்டும். பெட்டிக்குத் தனி, இருக்கைக்குத் தனி, சோற்றுக்குத் தனி. கடைசிப் பக்கத்தில் கார்டில் கட்டுவதற்கும் ஒரு கட்டணம் முளைக்கும். காசு கொடுப்பதற்கே காசு!

பெரிய வில்லங்கம் எடைதான். பல மலிவு விமானங்களில் கைப்பெட்டிக்கு 7 கிலோ. சக்கரம் வைத்த காலிப் பெட்டியே இரண்டரை கிலோவைத் தின்றுவிடும், மடிக்கணினியும் சார்ஜரும் இன்னொரு இரண்டு. மிச்சத்தில் என்னத்தை வைப்பது? முதுகுப்பை என்றால் ஒரு கிலோவோடு போகும்.

கவுன்டரில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்கான செக்-இன் எடையை டிக்கெட் எடுக்கும்போதே வாங்குவதுதான் மலிவு. பிறகு இணையத்தில் சேர்த்தால் விலை ஏறும். கவுன்டரில் கிலோ கணக்கில் தீட்டிவிடுவார்கள்; முஸ்தபா கடையில் வாங்கிய கோடாரித் தைலத்தைவிடத் தூக்குக்கூலி அதிகம். 20 கிலோ வாங்கினால் வீட்டுத் தராசில் 19-ல் நிறுத்துங்கள். தராசுக்குத் தராசு பேச்சு மாறும்.

இல்லாவிட்டால் கவுன்டர் முன்னால் தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டு, மைலோ பொட்டலத்தை இங்கும் துண்டை அங்கும் மாற்ற வேண்டியதுதான். அந்த அவசரத்தில் பவர்பேங்க் பெரிய பெட்டிக்குள் போய்விடும். அது கையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாய் பாட்டில் கைப்பைக்கு வந்துவிடும். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் என்றால் விடமாட்டார்கள். முனையம் 1, 2, 3-இல் இந்தச் சோதனை விமானம் ஏறும் வாசலில்தான். திரும்பிப் போய்ப் பெட்டியில் போடவா முடியும்? குப்பைத்தொட்டிக்குத்தான்.