விடுதி வைபையில் காணொளியின் வேகத்தைக் குறைப்பது உளவு பார்ப்பதா?

வன்னியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களில், இரவில் யூரியூப் காணொளி மங்கலாவதற்கு, நிர்வாகம் ஒவ்வொருவரும் பார்க்கும் காட்சியைக் கண்காணித்து வெட்டுவதே காரணம் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. இணைப்பைப் பகிர ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று வரம்பிட்டாலே காணொளி மங்கலாம்.

யூரியூப், நெட்பிளிக்ஸ் போன்றவை மறைகுறியாக்கப்பட்டே (இடையிலுள்ளவர் படிக்க முடியாதபடி) வருவதால், எந்தத் தளத்துக்கு எவ்வளவு தரவு போகிறது என்பது வலையமைப்பை நடத்துபவருக்குப் பொதுவாகத் தெரியலாம். எந்தக் காணொளி என்பது சாதாரணமாகத் தெரியாது. வேகத்தைப் பங்கிட அது தெரியவேண்டியதும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். முழு எச்டி காட்சிக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேண்டும் என்கிறது நெட்பிளிக்ஸ். ஒரு விடுதிக்கு 100 மெகாபிட் இணைப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 40 பேர் ஒரே நேரத்தில் அத்தரத்தில் பார்க்க 200 மெகாபிட் தேவைப்படும். அந்த நேரத்தில் கட்டுப்பாடு இல்லையென்றால், பக்கத்து அறையில் சூமில் விரிவுரை கேட்கும் பிள்ளைக்குக் குரல் அறுந்து அறுந்துதான் வரும். ஆளுக்கு 2 மெகாபிட் என்று வரம்பிட்டால், காணொளியை ஓட்டும் செயலி தானாகவே 480பி என்ற குறைந்த தரத்துக்கு இறங்குகிறது. படம் சற்று மங்கினாலும் நிற்காமல் ஓடும், 40 பேருக்கும் 80 மெகாபிட்டே போதும்.

வீபிஎன் (தரவை மறைத்து வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் வசதி) போட்டால் வேகம் கூடும் என்ற, அதே செய்தியின் அடுத்த வரியும் பிழையானது. ஆளுக்கான வரம்பு மொத்தத் தரவை அளப்பதால், வீபிஎன் வழியாகப் போனாலும் அதே வரம்புதான். ஆனால் வரம்பு எவ்வளவு, எந்த நேரத்துக்கு என்பதை நிர்வாகம் விடுதி அறிவித்தல் பலகையில் எழுதிப் போடவேண்டும். அதைக் கேட்பது மாணவரின் உரிமை.